ஒன்பது பேரும் இரண்டு பெண்களும்

(காஜாங்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் பெரும்பாலும் இலக்கியம்தான் பேசப்பட்டு வந்திருக்கிறது என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். எதிரெதிராக நிற்கும் இரண்டு அரசுகள், தங்கள் பிடியில் உள்ள ஆட்களை விடுவிக்க எப்படி ரகசியமாகப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பேச எனக்கு விருப்பம். பொருந்துமா என்று அவர்கள் சற்றுத் தயங்கினார்கள். காஜாங்கில் பேசாமல் இதை வேறெங்கே பேசுவது என்றேன். வெளியூர்க்காரர்களுக்குக் காஜாங் என்றால் சாத்தே. ஆனால் மலேசியச் சிறைத்துறையின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. காஜாங் சிறையும், பெண்கள் சிறையும் இங்கேதான். அந்தப் பெண்கள் சிறையில் இரண்டு ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்த இருவரின் பெயர் உலகமெங்கும் தெரிந்திருந்தது. ஒருவர் இந்தோனேசியாவின் சித்தி ஐஷா. மற்றவர் வியட்நாமின் தோவான் தி ஹுவோங். 2019 மார்ச் 11 அன்று காலை ஷா ஆலம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்ட சித்தி ஐஷா சிறைக்குத் திரும்பவில்லை; அன்றே ஜகார்த்தா போய்ச் சேர்ந்தார். தோவான் அதே ஆண்டு மே 3 அன்று காஜாங் சிறையிலிருந்து விடுதலையாகி ஹனோய்க்கு விமானம் ஏறினார். இந்த இரண்டு விடுதலைகளுக்கும் முன்னால் மூன்றாவதாக ஒரு விடுதலை நடந்தது. அது 2017இல், பியோங்யாங்கில். அங்கிருந்து தொடங்குகிறேன்.

2017 பிப்ரவரி 13. கேஎல்ஐஏ2 விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு மனிதரின் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ தடவிவிட்டுப் போனார்கள். அவர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தார். கடவுச்சீட்டில் அவர் பெயர் கிம் சோல். உண்மையில் அவர் வடகொரிய அதிபர் கிம் ஜோங் உன்னின் அண்ணன், அதே தந்தைக்கு வேறு தாய் வழியில் பிறந்த கிம் ஜோங் நாம். தடவப்பட்டது விஎக்ஸ் என்னும் நரம்பு நச்சு. போரில்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று உலக நாடுகள் தடை செய்த பொருள். அந்தப் பெண்களுக்குப் பின்னால் இருந்த வடகொரியர் நால்வர், அன்றே நாட்டை விட்டுக் கிளம்பி, ஜகார்த்தா, துபாய், விளாடிவொஸ்டோக் வழியாகப் பியோங்யாங் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெண்கள் இருவரும் இரண்டு மூன்று நாளில் பிடிபட்டார்கள். தப்பியோட ஒரு முயற்சியும் எடுக்காமல், தோவான் அதே விமான நிலையத்துக்கே திரும்பி வந்து நின்றார் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. தொலைக்காட்சிக்கான குறும்புக் காட்சியில் நடிப்பதாகவே நம்பினோம் என்று இருவரும் கடைசிவரை சொன்னார்கள்.

அடுத்த மூன்று வாரத்தில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் செய்தித்தாள்களில் வந்தவைதான். சடலத்தைப் பிரேதப் பரிசோதனை செய்யக் கூடாது என்றது வடகொரியத் தூதரகம். தூதர் காங் சோல் இரவு வேளையில் கோலாலம்பூர் மருத்துவமனைக்கு வந்து, பரிசோதனை முடிவை ஏற்க மாட்டோம் என்று நிருபர்கள் முன்னால் பேசினார். மலேசியா தன் தூதரைப் பியோங்யாங்கிலிருந்து அழைத்துக்கொண்டது. வடகொரியர்களுக்கு இருந்த விசா விலக்கை ரத்துசெய்தது. காங் சோலை வெளியேறச் சொன்னது. மார்ச் 6 அன்று அவர் போனார். மறுநாள் பியோங்யாங் திருப்பி அடித்தது. வடகொரியாவில் இருக்கும் மலேசியர் எவரும், பிரச்சினை தீரும்வரை நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று அறிவித்தது.

அப்போது அங்கே இருந்த மலேசியர் 11 பேர். உலக உணவுத் திட்டத்தில் வேலை செய்த இருவர் மட்டும் சில நாளில் பெய்ஜிங் வந்து சேர்ந்தார்கள். எஞ்சியவர்கள் ஒன்பது பேர்: தூதரக ஊழியர் மூவர், அவர்களுடைய குடும்பத்தார் ஆறு பேர். குழந்தைகளும் இருந்தார்கள். மலேசியாவும் அன்றே பதிலுக்கு, இங்கிருந்த வடகொரியர்கள் வெளியேறத் தடை போட்டது. சரவாக்கின் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் உட்பட அவர்கள் சில நூறு பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் நம் கைதான் ஓங்கியிருந்ததாகத் தோன்றும். உண்மை வேறு. தன் குடிமக்கள் சில நூறு பேர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டதற்காகப் பியோங்யாங் அரசுக்குத் தூக்கம் கெடப்போவதில்லை. அங்கே அதைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி இல்லை, நாளிதழ் இல்லை, தேர்தல் இல்லை. இங்கே ஒன்பது பேருக்காக நாடே கவலைப்பட்டது. இப்படிப்பட்ட பேரத்தில் ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்கும் மக்கள் உள்ள நாடுதான் எப்போதும் கூடுதல் விலை கொடுக்கிறது. அது பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு மேசையில் உட்காரும் அதிகாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தூதரக அதிகாரிகளைத் தடுத்துவைப்பதை அனுமதிக்கவில்லை. போர் மூண்டால்கூட அவர்கள் குடும்பத்தோடு வெளியேற உதவ வேண்டும் என்கிறது அதன் 44ஆம் பிரிவு. ஆகவே பியோங்யாங் செய்தது அப்பட்டமான விதிமீறல். ஆனால் அதே உடன்படிக்கையின் 22ஆம் பிரிவுதான் புக்கிட் டாமன்சாராவில் இருந்த வடகொரியத் தூதரகத்துக்குள் நம் போலீஸ் நுழையாமல் தடுத்தது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்: இரண்டாம் செயலாளர் ஹியோன் குவாங் சோங், ஏர் கொரியோ விமான நிறுவன ஊழியர் கிம் உக் இல், ரி ஜி யு என்னும் இன்னொருவர். மூவரையும் விசாரிக்க வேண்டும் என்றது போலீஸ். ஐந்து ஆண்டு ஆனாலும் வாசலில் காத்திருப்போம், யாராவது வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்றார் அன்றைய தேசியப் போலீஸ் படைத் தலைவர் காலிட் அபு பாக்கார்.

ஐந்து ஆண்டு தேவைப்படவில்லை. மார்ச் கடைசி வாரத்தில் போலீஸ் அதிகாரிகள் தூதரகத்துக்குள் போய் மூவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். இவர்களைப் பிடித்துவைக்க முகாந்திரம் இல்லை என்று பிறகு அறிவிக்கப்பட்டது. மார்ச் 30 அன்று சடலம் எம்எச்360 விமானத்தில் பெய்ஜிங் வழியாக அனுப்பப்பட்டது. அதே விமானத்தில் ஹியோனும் கிம் உக் இல்லும் உட்கார்ந்திருந்ததை ஜப்பானிய நிருபர்கள் படம் பிடித்தார்கள். அன்று மாலை மலேசிய விமானப் படையின் சிறிய ஜெட் விமானம் பியோங்யாங்கிலிருந்து கிளம்பியது. 31ஆம் தேதி விடியற்காலை ஒன்பது பேரும் கேஎல்ஐஏவில் இறங்கினார்கள். வெளியுறவு அமைச்சர் அனிஃபா அமான் காத்திருந்து வரவேற்றார். பிரதமர் நஜிப் அந்த நேரம் இந்தியப் பயணத்தில் சென்னையில் இருந்தார். அன்று போயஸ் தோட்டத்தில் ரஜினிகாந்தைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்ட படம்தான் நம் வீடுகளில் அதிகம் பேசப்பட்டது. பியோங்யாங்கிலிருந்து வந்தவர்கள் இரண்டாம் பட்சம் ஆகிவிட்டார்கள். காற்பந்து ரசிகர்களுக்கு வேறு கவலை. பியோங்யாங்கில் மார்ச் 28 அன்று நடக்க வேண்டிய ஆசியக் கிண்ணத் தகுதி ஆட்டம் தள்ளிப்போனது. நவம்பரில் தாய்லாந்தின் புரிராமில் இரண்டு ஆட்டங்களாக நடந்து, இரண்டிலும் நாம் 4-1 என்று தோற்றோம்.

பேச்சு எப்படி நடந்தது, யார் யாரோடு பேசினார்கள் என்பதெல்லாம் அப்போது வெளியே சொல்லப்படவில்லை. வெளியே வந்தது ஓர் அறிக்கை. அந்த அறிக்கையைப் பொறுமையாகப் படித்தால் ரகசியப் பேச்சின் கைவேலை தெரியும். இறந்தவரின் குடும்பத்தார் சடலத்தை வடகொரியாவுக்கு அனுப்பும்படி கடிதம் கொடுத்தார்கள், மரண விசாரணை அதிகாரி ஒப்புக்கொண்டார், ஆகவே சடலம் அனுப்பப்பட்டது என்றது மலேசியா. எந்தக் குடும்பம்? அந்த மனிதரின் மனைவி மக்கள் மக்காவோவில் வாழ்ந்தவர்கள். கொலைக்குப் பிறகு மறைவிடம் தேடிப் போனவர்கள். அவருடைய பிள்ளையின் மரபணுவை வைத்துத்தான் சடலத்தை அடையாளம் கண்டோம் என்று இரண்டு வாரத்துக்கு முன்புதான் நம் துணைப் பிரதமர் சொல்லியிருந்தார். பியோங்யாங்கோ இறந்தவர் கிம் ஜோங் நாம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. கிம் சோல் என்னும் குடிமகன் மாரடைப்பால் இறந்தார் என்பதுதான் அவர்கள் கட்சி. அப்படியிருக்க, 'குடும்பத்தார்' என்பதை யார் எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். அவர்கள் நாட்டில் அவர்களுக்கு ஏற்ற கதை, நம் நாட்டில் நமக்கு ஏற்ற கதை. போலீஸ் விசாரணை தொடரும் என்ற வரியும் அதில் இருந்தது. விசாரிக்க வேண்டியவர்கள் விமானத்தில் இருந்தார்கள்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்களுக்கு இடையே சம்பந்தம் முடிக்கும் தரகர், அங்கே ஒன்று இங்கே ஒன்று சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். கடைசியில் பந்தலில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தால் போதும். ஒன்பது பேரும் உயிரோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பிள்ளையாக இருந்திருந்தால் அந்த அறிக்கையில் எந்த வரி எப்படி இருக்கிறது என்று நான் பார்த்திருக்க மாட்டேன்.

ரகசியம் ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு நம் பக்கத்து நாட்டுக் கதை ஒன்றே போதும். மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய கொன்ஃப்ரொந்தாசி மோதல் காலத்தில், 1965 மார்ச் 10 அன்று, சிங்கப்பூரின் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூவர் இறந்தார்கள். உஸ்மான், ஹருன் என்னும் இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களுக்குத் தூக்குத் தண்டனை. பகை முடிந்து, அமைதி ஒப்பந்தமும் கையெழுத்தான பிறகு, அதிபர் சுகார்த்தோ கருணை கேட்டார். கேட்டது ஊரறிந்த செய்தி. பெரிய அண்டை நாட்டின் வேண்டுகோளுக்கு இணங்கினால் புதிதாகப் பிறந்த சிறிய நாடு பணிந்தது என்று ஆகிவிடும் என்று சிங்கப்பூர் நினைத்தது. 1968 அக்டோபர் 17 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஜகார்த்தாவில் கூட்டம் சிங்கப்பூர்த் தூதரகத்தைச் சூறையாடியது. 1973இல் லீ குவான் யூ ஜகார்த்தா போனபோது அந்த இருவரின் கல்லறையில் மலர் தூவிய பிறகுதான் உறவு சீரானது. இறந்த மூவருக்கும் நீதி வேண்டாமா என்று கேட்பவர்களின் கேள்வியும் நியாயமானதே. நான் சொல்ல வருவது, வேண்டுகோள் வெளியே தெரிந்துவிட்டால், அதை ஏற்பது தோல்வியாகிவிடுகிறது என்பதைத்தான்.

ஆகவேதான் அரசுகள் அரசு அல்லாதவர்களைத் தேடுகின்றன. 1962 பிப்ரவரியில் பெர்லின் பக்கத்தில் கிளீனிக்கே பாலத்தில் அமெரிக்க விமானி பவர்ஸும் சோவியத் உளவாளி ஆபெலும் மாற்றிக்கொள்ளப்பட்டார்கள். பேசி முடித்தவர் டொனவன். நியூயார்க் வழக்கறிஞர், எந்தப் பதவியும் இல்லாதவர். காரியம் கெட்டால் அரசு அவரைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். மேற்கு ஜெர்மனி 1963 முதல் 1989 வரை கிழக்கு ஜெர்மனிச் சிறைகளிலிருந்து 33,000க்கு மேற்பட்ட அரசியல் கைதிகளை விலை கொடுத்து வாங்கியது. தேவாலய அமைப்பின் வழியாகச் சரக்குகளாகப் பணம் போனது. கிழக்கில் வோகல் என்னும் வழக்கறிஞர் பட்டியலை வைத்திருந்தார். 1981இல் தெஹ்ரானில் 444 நாள் அடைபட்டிருந்த 52 அமெரிக்கர்களை மீட்டதில் அல்ஜீரியா இரண்டு தரப்புக்கும் இடையே தாளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது, ஏனெனில் ஈரான் நேரில் பேச மறுத்தது. நம் கோலாலம்பூரும் இந்த வேலைக்குப் புதிதல்ல. 1995இல் அமெரிக்க, வடகொரிய அதிகாரிகள் அணு உலை விவகாரத்தைப் பேசி முடித்தது இங்கே. 2016 அக்டோபரில், கொலைக்கு நான்கு மாதம் முன்பு, ஓய்வுபெற்ற அமெரிக்க அதிகாரிகளும் வடகொரியர்களும் சந்தடியில்லாமல் சந்தித்ததும் இங்கேதான். வடகொரியாவோடு 1973இலிருந்து உறவு வைத்திருந்த நாடு என்பதால் வந்த வாய்ப்பு அது.

இலக்கிய மேடையில் இதைச் சொல்லாமல் போனால் மன்னிக்க மாட்டீர்கள்: புறநானூற்றில் கோவூர்கிழார் செய்ததும் இதே வேலைதான். சோழ வம்சத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைவர்கள். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லப் போனான். இளந்தத்தனுக்காக நலங்கிள்ளி வாய் திறந்தால் ஒற்றன் என்பது உறுதியாகிவிடும். கோவூர்கிழார் போய்ப் பாடி மீட்டார். அவர் பேசியது அவையில், எல்லோர் காதிலும் விழும்படி. அவருக்கு அது முடிந்தது. காரணம், பரிசில் வாழ்க்கை வாழும் ஓர் ஏழைப் புலவருக்காக அவர் பேசினார். எந்த அரசனின் கணக்கும் அதில் இல்லை. இன்றைய பேச்சுகளில் அப்படி ஒருவரும் மேசைக்கு வருவதில்லை. மேசைக்கு வர முடியாதவர்கள் யார் என்பதுதான் என் கவலை.

இப்போது காஜாங்குக்குத் திரும்புவோம். தூதரகத்துக்குள் ஒளிந்திருந்த மூவரில் ரி ஜி யு என்பவரைச் சொன்னேன். சித்தி ஐஷாவின் வழக்கறிஞர் கூய் சூன் செங், தன் கட்சிக்காரரை இந்த வேலைக்குச் சேர்த்தவர் 'ஜேம்ஸ்' என்ற பெயரில் பழகிய அந்த ஆள்தான் என்றார். அந்த ஆள் நாட்டை விட்டுப் போக விடப்பட்டது எதிர்வாதத்தைப் பாதிக்கும் என்று அப்போதே முறையிட்டார். எண்ணிப் பாருங்கள். தண்டனைச் சட்டம் 302ஆம் பிரிவு; அன்று நிரூபணமானால் தூக்கு தவிர வேறு தண்டனை கிடையாது. நீதிபதிக்குக் குறைக்கும் அதிகாரம் 2023இல்தான் வந்தது. அந்த நிலையில் இருந்த இரண்டு பெண்களுக்கு, 'எனக்குத் தெரியாமல் என்னை ஏமாற்றினார்கள்' என்பதைத் தவிர வேறு வாதம் இல்லை. ஏமாற்றியவன் என்று அவர்கள் கை காட்டிய ஆள் விமானத்தில் ஏறிப் போய்விட்டான். ஒன்பது பேர் திரும்பி வந்த அந்த விடியலுக்கு இந்த இரண்டு பெண்களும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஜகார்த்தாவும் ஹனோயும் அந்த மேசையில் இல்லை.

மலேசிய அரசு வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஒன்பது பேரை அங்கேயே விட்டிருக்க முடியாது. ஆனால் மூவர் போவதற்கு முன் அவர்கள் வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் குறுக்குவிசாரணை செய்ய இடம் கொடுத்து, ஒரு நீதித்துறை அதிகாரி முன்னால் பதிவு செய்யும்படி கேட்டிருக்கலாமா? கேட்டுப் பார்த்து மறுக்கப்பட்டதா? கேட்கவேயில்லையா? பேச்சு நடக்கும்போது இதை நாங்கள் கேட்க மாட்டோம். ஒன்பது பேரும் வந்து சேர்ந்த மறு வாரம் நாடாளுமன்றத்தில் ஒரு குழுவிடமாவது பதில் சொல்ல என்ன தடை?

2017 அக்டோபரில் ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. 2018 ஆகஸ்டில் நீதிபதி அஸ்மி அரிஃபின் முகாந்திரம் உள்ளது என்று சொல்லி, இருவரையும் எதிர்வாதம் செய்ய அழைத்தார். அதற்குள் இங்கே ஆட்சி மாறியிருந்தது. இந்தோனேசியா விடாமல் பேசியது. அதிபர் ஜோக்கோவி முதல் அமைச்சர்கள் வரை மலேசியத் தலைவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் இதை எடுத்தார்கள். சட்ட அமைச்சர் யாசோன்னா லாவ்லி நம் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸுக்குக் கடிதம் எழுதினார். டோமி தாமஸ், இரு நாட்டு நல்லுறவைக் கருதி வழக்கை மீட்டுக்கொள்வதாக 2019 மார்ச் 8 தேதியிட்டுப் பதில் எழுதினார். கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆம் பிரிவு அவருக்குத் தரும் அதிகாரம் அது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 11 அன்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வழக்கைத் தொடர விரும்பவில்லை என்றது. காரணம் சொல்லவில்லை.

பிறகு நடந்ததுதான் சுவையானது. சித்தி ஐஷா ஜகார்த்தாவில் இறங்கியதும் இந்தோனேசிய அரசு தன் முயற்சிகளை நாள்வாரியாகப் பட்டியலிட்டு வெளியிட்டது. அடுத்த மாதம் அங்கே அதிபர் தேர்தல். பிரதமர் மகாதீரோ, பேச்சுவார்த்தை எதுவும் எனக்குத் தெரியாது, சட்டப்படி நடந்தது என்றார். ஒரே விடுதலைக்கு இரண்டு கதைகள். 2017இன் அறிக்கையில் இருந்த கைவேலை இங்கே இல்லை. வெற்றி கொண்டாடும் அவசரத்தில் ஒருவர் மற்றவரைச் சங்கடத்தில் விட்டார்.

அதைவிடச் சங்கடம் காஜாங்கில் தனியாக விடப்பட்ட பெண்ணுக்கு. ஒரே குற்றச்சாட்டு, ஒரே சாட்சியங்கள், ஒரே நீதிமன்றம். ஒருவர் வீட்டுக்குப் போனார். மற்றவர் நீதிமன்றத்தில் அழுதார். வியட்நாம் வெளியுறவு அமைச்சர் மறுநாளே நம் வெளியுறவு அமைச்சர் சைஃபுடின் அப்துல்லாவோடு பேசினார், அவர்கள் நீதி அமைச்சர் கடிதம் எழுதினார். மார்ச் 14 அன்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஏப்ரல் 1 அன்று வேறு வழி கண்டார்கள்: கொலைக் குற்றச்சாட்டு மீட்கப்பட்டு, ஆபத்தான பொருளால் காயம் விளைவித்ததாக 324ஆம் பிரிவில் குறைக்கப்பட்டது. தோவான் ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு நான்கு மாதம் தண்டனை, கைதான நாளிலிருந்து. நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு கழிந்து மே 3 அன்று வெளியே வந்தார். ஆக, ஒருவர் மேல் தீர்ப்பே இல்லை, மற்றவர் குற்றவாளி. அவர்கள் செய்ததில் இருந்த வேற்றுமை இந்த வேற்றுமைக்குக் காரணமா, அவர்கள் அரசுகளின் செல்வாக்கில் இருந்த வேற்றுமையா என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

தமிழ் மீனவர்கள் கதையிலும் இதே கோடு ஓடுகிறது. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் போதைப்பொருள் கடத்தல் வழக்கில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஐந்து பேர் தமிழ்நாட்டு மீனவர்கள், 2011இல் கைதானவர்கள். ராமேசுவரம் பகுதி கொந்தளித்தது. இந்தியத் தூதரகம் மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்தது. இதற்கிடையே பிரதமர் மோடி அதிபர் ராஜபக்சவோடு தொலைபேசியில் பேசினார். மேல்முறையீடு மீட்டுக்கொள்ளப்பட்டது, வழக்கு நிலுவையில் இருக்கும்போது மன்னிப்புக் கொடுக்க வழியில்லை என்பதால். நவம்பர் 19 அன்று ஐவரும் மன்னிக்கப்பட்டார்கள். மறுநாள் ராஜபக்ச அதிபர் தேர்தலை அறிவித்தார். நல்லது, ஐந்து உயிர் தப்பியது. ஆனால் எட்டில் மீதி மூவர்? அவர்கள் இலங்கைக் குடிமக்கள். அந்த மன்னிப்பில் அவர்கள் இல்லை. அவர்களுக்காகத் தொலைபேசியில் பேச வேறொரு நாட்டுப் பிரதமர் கிடையாது. சொந்த நாட்டு அரசுதான் அவர்கள் மேல் வழக்குப் போட்ட அரசு.

மலாயாத் தமிழர்களுக்கு இந்தப் பாடம் 1949லேயே கிடைத்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி ரவாங் பக்கத்தில் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அவசரகாலச் சட்டப்படி தூக்கு. இந்திய அரசு தண்டனையைக் குறைக்கும்படி கேட்டது. அந்த ஆண்டு மே 4 அன்று பூடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே காலத்தில் ஜொகூரில் மரண தண்டனை பெற்ற சம்பசிவம் என்பவரை லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் விடுவித்தது. அந்தத் தீர்ப்பைப் பல காமன்வெல்த் நாடுகளில் வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அரசு கேட்டும் நடக்காதது ஒரு சட்டப் புள்ளியால் நடந்தது. ராஜதந்திரத்தை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரகசியம் ஆட்களை வெளியே கொண்டுவர மட்டும் பயன்படுவதில்லை. 2009 ஆகஸ்டில் விடுதலைப் புலிகளின் குமரன் பத்மநாதன் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் பிடிக்கப்பட்டு, சில நாளில் கொழும்பில் இருந்தார். முதலில் பேங்காக்கில் பிடிபட்டார் என்றுகூடச் செய்தி வந்தது. 2014 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் மூவர் இங்கே கைதாகிப் பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், மூவருமே ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பாதுகாப்பு வளையத்தில் இருந்தவர்கள். அவர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டு சரியா தவறா என்பது வேறு விவாதம். எந்த நீதிமன்றத்தின் முன்னாலும் அவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லவில்லை. ஒன்பது பேரை மீட்டு வந்த அதே அமைதி, இந்த மூவரை அனுப்பிவைக்கவும் உதவியது. 'ரகசியம் தேவை' என்று ஓர் அமைச்சர் சொன்னால், யாருக்காக என்று நாம் உடனே கேட்டாக வேண்டும்.

வெளிப்படையாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் மோதிக்கொண்டபோது, கம்போடியப் படைவீரர் 18 பேர் தாய்லாந்தின் பிடியில் சிக்கினார்கள். அக்டோபரில் நம் கோலாலம்பூரில், உலகத் தலைவர்கள் பார்க்க, ஊடக விளக்கொளியில் இரண்டு பிரதமர்களும் கையெழுத்திட்ட அறிக்கையில் அவர்கள் விடுதலையும் இருந்தது. நவம்பரில் எல்லையில் கண்ணிவெடி வெடித்துத் தாய்லாந்து வீரர்கள் காயமடைந்ததும் அந்த விடுதலை நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் சண்டை, மீண்டும் போர்நிறுத்தம். ஆண்டின் இறுதியில்தான் அவர்கள் எல்லையைக் கடந்து வீடு போனார்கள். மேடையில் தரப்பட்ட வாக்கு என்பதாலேயே, மேடையில் இருந்தவர்களுக்குக் கோபம் வந்ததும் அது நின்றது.

வடகொரியாவோடு நமக்கிருந்த உறவு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் கைதான மூன் சோல் மியோங் என்னும் வடகொரிய வணிகரை, கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த பிறகு, மலேசியா 2021 மார்ச் 17 அன்று அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. இது திறந்த நீதிமன்றத்தில், வாதப் பிரதிவாதங்களோடு நடந்தது. இரண்டு நாளில் பியோங்யாங் உறவை முறித்துக்கொண்டது. 21ஆம் தேதி புக்கிட் டாமன்சாராவில் கொடி இறங்கியது. நான்கு ஆண்டுக்கு முன் நச்சுக் கொலைக்கும், மக்களைப் பிணையாகப் பிடித்ததற்கும் அறுந்துபோகாத உறவு, ஒரு நீதிமன்ற ஆணைக்கு அறுந்தது.

கொலை வழக்கு என்னவாயிற்று என்று யாராவது கேட்கலாம். பியோங்யாங் போய்ச் சேர்ந்த நால்வர் மேலும் இன்டர்போல் சிவப்பு அறிவிப்பு வெளியானது, ஒருவரும் பிடிபடவில்லை. சித்தி ஐஷாவை முழுமையாக விடுதலை செய்யும்படி அவர் வழக்கறிஞர் கேட்டபோது, முகாந்திரம் உள்ளது என்று ஏற்கெனவே சொல்லியிருப்பதால் முடியாது என்று நீதிபதி மறுத்தார். வழக்கிலிருந்து விடுவித்தார், நிரபராதி என்று சொல்லவில்லை. அரசுத் தரப்பு விரும்பினால் அவர் மேல் அதே குற்றச்சாட்டை மறுபடியும் கொண்டுவரச் சட்டத்தில் இடமிருக்கிறது.